மேடம் திட்டுவாரா, மருந்து மாறிவிடுமா: நர்சிங் மாணவிகளின் இரண்டு பயங்கள்

நர்சிங் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் கிளினிக்கல் போஸ்டிங் லிஸ்ட் (யார் எந்த வார்டில் பயிற்சி எடுக்க வேண்டும் என்ற பட்டியல்) ஒட்டப்பட்டதும் எழும் முதல் கேள்வி, "இன்சார்ஜ் சிஸ்டர் யாரு?" வார்டு எது, அங்கே எப்படிப்பட்ட நோயாளிகள் இருப்பார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான். ஊட்டி, குன்னூர், கூடலூர் எங்கே போனாலும் இந்த வரிசை மாறுவதில்லை. பயிற்சிக் காலப் பதற்றத்தைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் மூச்சுப் பயிற்சியில் தொடங்கி, நல்லதையே நினை என்ற அறிவுரையில் முடிந்துவிடுகின்றன. மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஹாஸ்டலில் எழும் அந்த முதல் கேள்வியைக் கொஞ்சம் கவனித்தால், சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வார்டில் நிற்கும் மாணவிக்கு இரண்டு பயங்கள் ஒன்றாக வருகின்றன. என் கையால் இந்த நோயாளிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது ஒன்று. எல்லார் முன்னாலும் மேடம் திட்டிவிடுவாரோ என்பது இன்னொன்று. உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். அதே அட்ரினலின், அதே படபடப்பு, அதே வறண்ட நாக்கு, ட்ரேயைப் பிடிக்கும்போது அதே நடுக்கம். விளைவு மட்டும் நேர் எதிர். முதல் பயம் சார்ட்டை இன்னொரு முறை படிக்க வைக்கும். இரண்டாவது பயம் கேட்க வேண்டிய கேள்வியை விழுங்க வைக்கும். முதலாவதைக் கையோடு வைத்துக்கொண்டு இரண்டாவதைக் குறைத்துக்கொள்வதைத்தான் நான் சமாளிப்பது என்கிறேன். இரண்டையும் சேர்த்து விரட்டப் பார்ப்பவர்கள் ஒன்று சோர்ந்துபோகிறார்கள், அல்லது அலட்சியமாகிவிடுகிறார்கள். ரெண்டாவது வகையைக் கண்டால்தான் எனக்கு அதிகக் கவலை.

முதல் பயம் ஏன் வேண்டும் என்பதற்கு இன்சுலின் ஒன்றே போதும். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்துவிட்டால், 10 யூனிட் என்று எழுதியிருக்கும் இடத்தில் 25 யூனிட் உள்ளே போகும். இந்தக் கணக்குத் தெரிந்தவளுக்கு சிரிஞ்சை எடுக்கும்போது அடிவயிற்றில் ஒரு சின்னப் பிசைவு வந்தே தீரும். இருபது வருஷ சர்வீஸ் உள்ள சிஸ்டரும் அந்த நேரத்தில் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து லேபிளைப் பார்ப்பார். பயத்தை அவர் ஒரு பழக்கமாக மாற்றி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று முதல் வருடத்தில் மனப்பாடம் செய்ய வைப்பதெல்லாம் இந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுப்பதற்குத்தான்.

இரண்டாவது பயத்தை யாரும் பாடமாக நடத்துவதில்லை. ஆனால் அதைப் பற்றிய ஆராய்ச்சி பழையது. லண்டனில் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனையில் மாணவ நர்சுகளில் மூன்றில் ஒரு பங்கு பேர் பயிற்சியை முடிக்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். மனப் பகுப்பாய்வாளரான இசபெல் மென்சீஸ் அங்கே போய்ப் பார்த்து 1960-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். நோயையும் மரணத்தையும் பக்கத்தில் நின்று பார்ப்பதால் வரும் பதற்றத்தைத் தாங்குவதற்காக அந்த மருத்துவமனை தன் வேலை முறையையே ஒரு கவசம் மாதிரி அமைத்துக்கொண்டிருந்தது என்கிறார் அவர். நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணையும் உறுப்பையும் சொல்லி அழைப்பது, ஒரு நோயாளியை முழுதாக ஒருவரிடம் தராமல் வேலையைத் துண்டுபோட்டுக் கொடுப்பது, எதையும் யோசிக்க விடாமல் சடங்குபோலச் செய்ய வைப்பது எல்லாம் அதில் அடக்கம். நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் நோயாளியைத் தட்டி எழுப்பித் தூக்க மருந்து கொடுக்கிற அளவுக்குச் சடங்கு முற்றியிருந்தது. இத்தனை செய்தும் பதற்றம் குறையவில்லை, இன்னும் வளர்ந்தது என்பதுதான் அவர் கண்டது.

படித்தால் சிரிப்பு வரலாம். ஆனால் நம் வார்டுகளில் "ஏழாம் பெட் ஹெர்னியா", "பதினாலு சுகர்" என்றுதானே ஷிப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர் நடக்கிறது? காலையில் ஒருத்திக்கு முப்பது பேருடைய பி.பி., இன்னொருத்திக்கு முப்பது பேருடைய டெம்பரேச்சர். மதியம் வரை அப்படியே ஓடினவளிடம், மூன்றாம் பெட் பாட்டி நேற்றைவிட இன்று எப்படி இருக்கிறார் என்று ரவுண்ட்ஸில் கேட்டால் திருதிருவென விழிப்பாள். உடனே திட்டு விழும். பாட்டியை முழுதாகப் பார்க்கும் வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவே இல்லை என்பது பேச்சில் வராது. அதனால் முடிந்த இடத்தில் ஒரு காரியம் செய்யலாம். கேர் பிளான், அதாவது பராமரிப்புத் திட்டம் எழுதுவதற்காக எடுத்த அந்த ஒரு நோயாளியையாவது பெயர், ஊர், வீட்டில் யார் யார், என்ன மருந்து, ஏன் அந்த மருந்து என்று தலை முதல் கால் வரை தெரிந்து வைத்துக்கொள்வது. ஒரே ஒரு ஆளைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நிலை தரும் தைரியத்தை, முப்பது பேருடைய டெம்பரேச்சர் தராது.

திட்டுக்குப் பயப்படுவது நோயாளிக்கும் ஆபத்து. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை நர்சிங் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் குழுவில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். அங்கே தவறு அதிகமாக நடந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. நடந்ததை வாய் திறந்து சொல்ல அங்கே முடிந்தது. தலைமைக்குப் பயந்த குழுக்களில் தவறுகள் பதிவுக்கு வரவே இல்லை.

ஊசி குத்திக்கொள்வதை எடுத்துக்கொள்வோம். நோயாளிக்குப் போட்ட ஊசியை மூடும்போது விரலில் சுருக்கென்று ஏறிவிடுகிறது. மாணவி முதலில் செய்வது சுற்றிமுற்றிப் பார்ப்பது, யாராவது கவனித்துவிட்டார்களா என்று. ரீகேப் பண்ணாதே, போட்ட ஊசியை மறுபடி மூடாதே என்று நூறு தடவை சொல்லியிருப்பார்கள், அதனால் வெட்கம். செய்ய வேண்டியது சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுவது, ரத்தம் வரட்டும் என்று பிதுக்காமல் இருப்பது, உடனே இன்சார்ஜிடம் சொல்வது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் அதை முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும் தொற்று வருவதற்கான வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி வரும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் போஸ்டிங் தொடங்கும் முன்பே அந்தத் தடுப்பூசியின் மூன்று டோஸையும் முடிக்கச் சொல்கிறார்கள். இதெல்லாம் பரீட்சைத் தாளில் எழுதத் தெரிந்த பெண்ணே, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசாமல் இருந்துவிடுகிறாள். பயத்தை வகை பிரிக்கத் தெரிந்தால் இங்கே ஒரு கேள்வி தானாக எழும்: இப்போது என்னைத் தடுப்பது எந்தப் பயம்? திட்டு பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். 72 மணி நேரம் போனால் போனதுதான்.

மலையில் பயிற்சி எடுப்பவர்களுக்கென்று சில தனிப் பதற்றங்கள் உண்டு. அவற்றில் பாதி குளிர் செய்யும் வேலை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். சமவெளியிலிருந்து வந்து சேரும் மாணவிக்கு முதல் சில நாள் நாடி கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், ஹாஸ்டல் படி ஏறினால் மூச்சு வாங்கும், தூக்கம் விட்டுவிட்டு வரும். இதே அறிகுறிகள்தான் பதற்றத்துக்கும். "வார்டை நினைச்சாலே நெஞ்சு படபடங்குது" என்று அழுபவளிடம், எந்த ஊரிலிருந்து எப்போது மேலே வந்தாள் என்று முதலில் கேட்பது நல்லது. உயரம் பழகச் சில நாள் ஆகும் என்று தெரிந்தாலே பாதி பாரம் இறங்கும்.

அப்புறம் வெயின். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில், காலை ஏழு மணிக்கு ஒரு பாட்டியின் கையில் ஐ.வி. லைன் போடச் சொன்னால் நரம்பு கிடைக்காது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். இரண்டு தடவை குத்தித் தவறியதும் தனக்குக் கை வராது என்று மாணவி முடிவு கட்டிவிடுகிறாள். டம்மியில் அழகாகப் போட்டவள்தான் அவள். டம்மிக்குக் குளிராது. வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சில நிமிஷம் கையில் சுற்றி வைத்து, கையைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டு, விரல்களை மடக்கி நீட்டச் சொன்னால் பெரும்பாலும் நரம்பு எழும்பி வரும். அப்படியும் வராவிட்டால் மூன்றாவது முறை குத்தாமல் ஸ்டாஃபைக் கூப்பிடுவதில் எந்த அவமானமும் இல்லை.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இப்படித்தான் ஏமாற்றும். சில்லிட்ட விரலில் மாட்டினால் ரீடிங் குறைவாகக் காட்டும், அல்லது காட்டவே காட்டாது. 84 என்று கண்டதும் மாணவிக்குக் கை கால் ஆடிப்போகிறது. முதலில் நோயாளியின் முகம், உதடு, மூச்சு விடும் வேகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் வேறு விரலிலோ காது மடலிலோ மாட்டிப் பார்க்க வேண்டும். இந்த உயரத்தில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கே சமவெளியைவிட அளவு சற்றுக் குறைவாக இருக்கும். ஆனாலும் குறைந்த ரீடிங்கைக் குளிர் என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்வது மாணவியின் வேலை இல்லை. பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும். இங்கே முதல் பயம் கூடவே இருக்கட்டும்.

மொழி இன்னொன்று. நீலகிரியில் ஒரே வார்டில் படுகர்களின் படுகு, தமிழ், கன்னடம், மலையாளம் எல்லாம் கேட்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர் மொழியும் சேரும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் தமிழுக்குத் தனி ராகம். நோயின் ஹிஸ்டரி கேட்டு எழுதப் போன மாணவி பாதி புரியாமல், மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு, கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து எழுதிவிடுகிறாள். அந்த வார்டில் எல்லா மொழியும் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார், பெரும்பாலும் அது வார்டு ஆயாம்மாதான். அவரிடம் உதவி கேட்கும் மாணவிகளுக்கு நோயாளிகளும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். "பாப்பா, இங்க வா" என்று பாட்டிமார்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டால் பாதிப் போஸ்டிங் முடிந்த மாதிரி.

மொழி புரிந்தாலும் வலி புரியாமல் போகலாம். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளையும் பரம்பரைத் தன்மையான சிக்கிள் செல் இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே இந்த மலைகளின் பழங்குடி மக்களிடம்தான். லேமனும் கட்புஷும் 1952-ல் அதை வெளியிட்டார்கள். இன்றும் கூடலூர் பகுதி மருத்துவமனைகளுக்கு சிக்கிள் செல் நோயின் வலி நெருக்கடியோடு வருபவர்கள் உண்டு. எலும்புக்குள் ரத்த ஓட்டம் அடைபடும் வலி அது, வெளியே ஒரு காயமும் தெரியாது. சத்தம் போடாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, "தூங்குகிறார்" என்று குறிப்பு எழுதிவிட்டால் வலி மருந்து தள்ளிப்போகும். வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்கும் அளவுகோல் சிலரிடம் எடுபடாது, நேற்றைவிட இன்று கூடவா குறைவா என்று கேட்டால் பதில் வரும். சரியாகக் கவனித்தேனா என்று மனதுக்குள் அரிக்கும் அந்தச் சந்தேகம் மாணவிக்கு நல்லது. கூடலூரில் 1990-ல் தொடங்கிய 'அஸ்வினி' அமைப்பு ஆதிவாசிப் பெண்களையே நர்சுகளாகப் பயிற்றுவித்ததன் அருமை இங்கே புரியும். நோயாளியின் மௌனத்தைப் படிக்கத் தெரிந்தவர் கட்டில் பக்கத்திலேயே நிற்கிறார்.

ஆபரேஷன் தியேட்டரில் மயங்கி விழுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு வழக்கமாகத் தரப்படும் அறிவுரை தவறானது. ரத்தத்தைப் பார்த்துத் தலை சுற்றுவது மற்றப் பயங்களைப் போல வேலை செய்வதில்லை. மற்றப் பயங்களில் பி.பி. ஏறும். இதில் சட்டென்று விழும், நாடியும் தளரும், மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். அந்த நேரத்தில் "ரிலாக்ஸ் பண்ணு" என்றால் இன்னும் சீக்கிரம்தான் விழுவாள். சுவீடன் உளவியலாளர் லார்ஸ் கோரான் ஓஸ்ட் 1980-களில் இதற்கு நேர்மாறான ஒரு முறையை ஆராய்ந்து காட்டினார். கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும், முகத்தில் சூடு பரவும் வரை. பிறகு முழுவதும் தளர்த்தாமல் இயல்பு நிலைக்கு வந்து, 20, 30 விநாடி விட்டு மறுபடி இறுக்க வேண்டும். கவுனுக்குள் தொடையை இறுக்குவது பக்கத்தில் நிற்கும் சர்ஜனுக்குக் கூடத் தெரியாது. சாப்பிடாமல் தியேட்டருக்குப் போகக் கூடாது என்பது தனி விஷயம். கண் இருட்டிக்கொண்டு வந்தால் கிருமி நீக்கிய ஸ்டெரைல் பகுதியிலிருந்து விலகித் தரையில் உட்கார்ந்துவிடலாம். மற்றப் படபடப்புகளுக்கு, அதாவது வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு முன், ரவுண்ட்ஸுக்கு முன், நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது வேலை செய்யும்.

இரண்டாவது பயத்தைக் குறைக்க இன்னொரு வழி, என்ன பேசுவது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது. அமெரிக்கக் கடற்படைப் பழக்கத்திலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு நான்கடுக்கு முறை இப்போது பல இடங்களில் கற்றுத்தரப்படுகிறது: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, என்ன செய்ய வேண்டும். "சிஸ்டர், பெண்கள் வார்டில் நேத்து ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு நாடி 120-க்கு மேல ஓடுது. காலையில 88 இருந்துச்சு. டிரெஸ்ஸிங் நனைஞ்சிருக்கு, ரத்தக் கசிவோன்னு தோணுது. நீங்க ஒரு தடவை வந்து பார்க்கணும்." இவ்வளவுதான். "சிஸ்டர், அந்தம்மா ஒரு மாதிரி இருக்காங்க" என்று தொடங்கி, "ஒரு மாதிரின்னா என்ன மாதிரி?" என்ற பதிலில் முகம் வாடி நிற்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். புது வார்டின் முதல் நாளில் எமர்ஜென்சி ட்ராலி எங்கே, ஆக்சிஜன் சிலிண்டர் சாவி எங்கே, சக்ஷன் வேலை செய்கிறதா என்று டியூட்டிக்குக் கால் மணி நேரம் முன்பே போய்ப் பார்த்து வைப்பதும் இதே வகைதான்.

இது எல்லாவற்றையும் மாணவியின் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. அமெரிக்க நர்சிங் பேராசிரியர் பாட்ரிசியா பென்னர் 1980-களிலேயே, புதியவர் விதிகளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார், முழுச் சூழலையும் ஒரே பார்வையில் அளக்கும் திறமை அனுபவத்தோடுதான் வரும் என்று ஐந்து படிகளாக விளக்கியிருக்கிறார். முதல் படியில் நிற்பவளிடம் ஐந்தாம் படியின் பார்வையை எதிர்பார்த்து, இல்லையென்று நோயாளி முன்னாலேயே திட்டுவது கற்பித்தலில் சேராது. ஆசிரியர் ஒருவருக்கு மாணவர் 10 பேர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. வார்டில் மாணவியோடு கூட நிற்க ஆள் இருந்தால்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு. 2021-ல் திருத்தப்பட்ட பி.எஸ்சி. பாடத்திட்டம் டம்மிகளில் செய்து பழகும் ஸ்கில் லேப் பயிற்சிக்கு நிறைய நேரம் ஒதுக்கியிருக்கிறது. மாவட்டத்திலும் இடம் பெருகியிருக்கிறது: 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது, 2025-ல் ஊட்டியில் 700 படுக்கை மருத்துவமனை திறக்கப்பட்டது. இனி திட்டுவதைத் தனி அறையில் வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பட்ஜெட் வேண்டியதில்லை. இரவு டியூட்டிக்கு நடந்து போகும்போது எதிரே காட்டுமாடு நிற்கும் ஊர் இது. அந்தப் பயத்தை மட்டும் இங்கே யாரும் வெட்கப்படாமல் சொல்கிறார்கள், கேட்டவர்களும் துணைக்கு வருகிறார்கள்.

சில சமயம் இது பயிற்சிப் பதற்றத்தைத் தாண்டிப்போகும். டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் வாந்தி, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமை, காரணமே இல்லாமல் திடீரென்று நெஞ்சடைத்துச் செத்துவிடுவோம் என்று தோன்றுவது, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் இவற்றில் ஏதாவது வந்தால், மேலே சொன்ன உத்திகளை விட்டுவிட்டு மருத்துவ உதவிக்குப் போக வேண்டும். மனநலப் பிரிவில் தன் காலேஜ் யூனிஃபார்மோடு வரிசையில் நிற்கக் கூச்சமாக இருக்கலாம், அதே மருத்துவமனையில்தான் போஸ்டிங்கும் நடக்கும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், மழையில் மலைப்பாதை அடைபட்டாலும் கிடைக்கும். லீவு போட்டால் வருகைப் பதிவு அடிவாங்கும் என்ற பயத்தில் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தியரிக்கு 80 சதவீதம் போதும். கிளினிக்கல் நேரத்தைப் பட்டம் பெறுவதற்குள் 100 சதவீதம் முடிக்க வேண்டும் என்பது விதி. விட்டுப்போன நாட்களைப் பிறகு ஈடுசெய்து முடிக்கலாம். எப்போது, எந்த வார்டில் என்று கிளாஸ் கோஆர்டினேட்டரிடம் லீவுக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.